ஒரே தலை, ஆயிரம் தபால்தலை

தபால்தலை சேகரிப்பு என்றதும் நமக்கு என்ன நினைவுக்கு வரும்? பட்டாம்பூச்சி, விண்கலம், ஒலிம்பிக், பழைய ரயில் எஞ்சின், பெயர் கூடத் தெரியாத நாடுகளின் கொடி... வண்ண வண்ணமாக ஒரு ஆல்பம். பார்க்கப் பார்க்க அலுக்காது.

இதற்கு நேர் எதிரான ஒரு கூட்டம் உலகத்தில் இருக்கிறது. அவர்களுடைய ஆல்பத்தைத் திறந்தால் ஒரே தலைதான். அடுத்த பக்கமும் அதே தலை. நூறாவது பக்கமும் அதே தலை. நிறம் கூட மாறாது. ஐந்து நிமிடத்தில் நமக்குக் கொட்டாவி வந்துவிடும். அவர்களுக்கு மட்டும் இரவு முழுக்கத் தூக்கம் வராது!

இவர்கள் சேகரிப்பது பிரிட்டனின் "டெபினிட்டிவ்" தபால்தலைகளை. அதாவது ஏதோ ஒரு விழாவுக்காகவோ தலைவருக்காகவோ ஒருமுறை அச்சிட்டு நிறுத்திவிடும் சிறப்புத் தபால்தலை அல்ல. தினமும் தபால் ஆபீஸ் கவுன்டரில் கிழித்துக் கொடுக்கும் சாதாரணத் தபால்தலை. தீரத் தீர வருடக்கணக்கில் அச்சிட்டுக்கொண்டே இருப்பார்கள். தபால்தலையைக் கண்டுபிடித்த நாடு என்பதால் பிரிட்டன் தன் தபால்தலையில் நாட்டின் பெயரைப் போடுவதே இல்லை. அரசர் அல்லது அரசியின் தலை இருந்தால் போதும், அதுதான் அடையாளம்.

ஒரே தலையில் அப்படி என்ன வித்தியாசம்? ஒன்றின் பின்பக்கப் பசை லேசான மஞ்சள், இன்னொன்றில் நீலப்பச்சை. ஒன்றின் மேல் கண்ணுக்குச் சட்டென்று தெரியாத இரண்டு பட்டைகள், இன்னொன்றில் ஒரே பட்டை. ஒன்றில் காகிதத்துக்குள் இருக்கும் கிரீடம் நேராக, இன்னொன்றில் தலைகீழாக. இதையெல்லாம் பூதக்கண்ணாடியும் புற ஊதா விளக்கும் வைத்துத் தேடுகிறார்கள். மற்ற சேகரிப்பாளர்களே இவர்களை "ஈ எச்சம் பொறுக்குகிறவர்கள்" என்று கிண்டல் செய்வது உண்டு.

கிண்டல் செய்வது சுலபம். ஆனால் ஒரு விஷயத்தை யோசித்துப் பாருங்கள். இந்த வித்தியாசங்களில் பெரும்பாலானவை சேகரிப்பாளர்களுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. எங்கோ ஒரு அதிகாரிக்கு வந்த பயம், எங்கோ ஒரு அச்சகத்தில் மிச்சம் பிடித்த மை, ஒரு இயந்திரத்துக்குக் கண் தெரிய வேண்டுமே என்ற கவலை... இப்படி ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது. அந்தக் காரணங்களைக் கோத்துப் பார்த்தால் ஒரு அரசாங்க இலாகா தன் மக்களை எவ்வளவு நம்பியது, எவ்வளவு சந்தேகப்பட்டது என்பதன் சுமார் 180 வருடக் கதை கிடைக்கிறது.

சந்தேகம் முதல் தபால்தலையிலேயே ஆரம்பிக்கிறது.

1840க்கு முன் பிரிட்டனில் கடிதம் பெறுகிறவர்தான் பெரும்பாலும் காசு கொடுக்க வேண்டும். தூரத்துக்கு ஒரு கட்டணம், எத்தனை தாள் என்பதற்கு ஒரு கட்டணம். ஏழைகளுக்குக் கட்டுப்படியாகாத விலை. 1837ல் ரோலண்ட் ஹில் என்பவர் ஒரு சிறு நூலை வெளியிட்டார். நாடு முழுவதற்கும் ஒரே கட்டணம், ஒரு பென்னி. அதையும் அனுப்புகிறவரே முன்கூட்டிக் கட்டிவிட வேண்டும் என்பது அவருடைய யோசனை. 1840 ஜனவரி 10 முதல் ஒரு பென்னி தபால் அமலுக்கு வந்தது. மே 1 அன்று உலகின் முதல் ஒட்டும் தபால்தலையான "பென்னி பிளாக்" விற்பனைக்கு வந்தது. மே 6 முதல் செல்லுபடி. விக்டோரியா அரசியின் பக்கவாட்டு முகம், கறுப்பு நிறம். இதுவரை எல்லோரும் படித்த பொது அறிவுதான்.

பொது அறிவுப் புத்தகம் சொல்லாத விஷயம் அதன் கீழ் மூலைகளில் இருக்கிறது. இரண்டு மூலையிலும் ஒவ்வொரு ஆங்கில எழுத்து. எதற்கு?

அப்போது 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு. அதனால் ஒரு தாளில் வரிசைக்கு 12 வீதம் 20 வரிசை, மொத்தம் 240 தபால்தலைகள். ஒரு வரிசை கிழித்தால் ஒரு ஷில்லிங், முழுத் தாள் ஒரு பவுண்டு. கணக்குப் போடவே வேண்டாம். (நல்ல கவுன்டர் மூளை!) இதில் முதல் எழுத்து வரிசையைச் சொல்லும், இரண்டாம் எழுத்து அந்த வரிசையில் எத்தனையாவது என்று சொல்லும். முதல் தபால்தலை ஏ-ஏ, கடைசித் தபால்தலை டி-எல். அதாவது ஒரு தாளில் எந்த இரண்டும் ஒன்றுபோல் இருக்காது. கள்ளத் தபால்தலை அடிக்க நினைக்கிறவன் ஒன்றே ஒன்றைச் செதுக்கி அதையே ஆயிரம் அடித்தால், எல்லாவற்றிலும் ஒரே எழுத்து இருந்து மாட்டிக்கொள்வான் என்பது கணக்கு.

இந்த எழுத்துக்களைத்தான் பின்னால் சேகரிப்பாளர்கள் தங்கச் சுரங்கமாக மாற்றினார்கள். அது எப்படி என்று புரிய அச்சிட்ட முறையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். லண்டன் ஃபிளீட் வீதியில் இருந்த பெர்கின்ஸ், பேக்கன் அண்ட் பெட்ச் நிறுவனம்தான் அச்சிட்டது. (இலங்கையின் முதல் தபால்தலைகளை 1857ல் அச்சிட்டுக் கொடுத்ததும் இதே பெர்கின்ஸ் பேக்கன்தான்.) முதலில் மென்மையான எஃகில் அரசியின் தலையை ஒரே ஒருமுறை செதுக்குவார்கள். அந்த எஃகைக் கடினமாக்கி, அதன்மேல் ஒரு மென்மையான எஃகு உருளையை அழுத்தி உருட்டினால் படம் உருளைக்கு ஏறும். பிறகு உருளையைக் கடினமாக்கி, பெரிய எஃகுத் தகட்டின் மேல் 240 முறை அழுத்தி உருட்டுவார்கள். தலை எல்லாம் அச்சு அசலாக ஒன்றுபோல் வந்துவிடும். இது வரைக்கும் இயந்திரத் துல்லியம்.

ஆனால் அந்த மூலை எழுத்துக்கள்? அதை ஒரு தொழிலாளி கையில் உளி மாதிரி ஒரு அச்சாணியை வைத்துச் சுத்தியலால் ஒவ்வொன்றாக அடித்தார். ஒரு தகட்டுக்கு 480 அடி. மனிதக் கை அல்லவா! ஒரு எழுத்து கொஞ்சம் இடப்பக்கம் போகும், ஒன்று சாயும், ஒன்று கட்டத்தின் கோட்டையே தொடும். பென்னி பிளாக் அச்சிட மொத்தம் 11 தகடுகள் பயன்பட்டன. ஆக ஒரு குறிப்பிட்ட எழுத்து ஜோடி 11 தகட்டிலும் 11 விதமாக உட்கார்ந்திருக்கும். அந்தச் சாய்வை அளந்தே "இது எட்டாவது தகடு" என்று சொல்லிவிடலாம். இதைச் சொல்ல முடியும் என்று முழுமையாக நிரூபித்தவர்கள் சார்லஸ் நிசன், பெர்ட்ரம் மெக்கவன் என்ற இருவர். 1922ல் இதற்காகவே ஒரு புத்தகம் வெளியிட்டார்கள்.

கள்ளன் பயத்தில் போட்ட எழுத்து, பெயர் தெரியாத ஒரு தொழிலாளியின் கையெழுத்து மாதிரி ஆகிவிட்டது. அந்தத் தொழிலாளி ஒருநாள் தவறும் செய்தார். 1841க்குப் பிறகு வந்த சிவப்புத் தபால்தலையின் 77ம் தகட்டில், இரண்டாவது வரிசையின் முதல் தபால்தலையில் "பி" அடித்துவிட்டுப் பக்கத்தில் "ஏ" அடிக்க மறந்துவிட்டார். வலது கட்டம் வெறுமையாகவே அச்சாகி வெளியே போய்விட்டது. இன்றைக்கு அந்த வெற்றுக் கட்டம் பெரிய அபூர்வம்.

சிவப்பு ஏன் வந்தது? அதுவும் சந்தேகத்தால்தான். கறுப்புத் தபால்தலை மேல் சிவப்பு மையில் முத்திரை குத்தினார்கள். அந்தச் சிவப்பைச் சிலர் பக்குவமாக அழித்துவிட்டு மறுபடியும் ஒட்டக்கூடும் என்று தெரிந்தது. உடனே தலைகீழாக மாற்றினார்கள். 1841 பிப்ரவரி முதல் தபால்தலை சிவப்பு, முத்திரை கறுப்பு. ஒரு வருடம் கூட முழுதாக ஓடாமல் பென்னி பிளாக் முடிந்தது. (ஆனாலும் சுமார் 6 கோடியே 80 லட்சம் அச்சாகிவிட்டது. "உலகின் முதல்" என்றாலும் அது "உலகின் அரிது" அல்ல.) அரிதானது பதினோராவது தகடு. அதைச் சிவப்புக்காகத் தயார் செய்து வைத்திருந்தார்கள். இடையில் கறுப்பு போதாமல் 700 தாள்கள் மட்டும் அதில் கறுப்பில் அடித்தார்கள்.

சந்தேகம் அதோடு விடவில்லை. இரண்டு பழைய தபால்தலைகளில் முத்திரை படாத பாதிகளை வெட்டி ஒட்டி ஒரு புதுத் தபால்தலை செய்துவிட்டால்? 1858 முதல் மேல் மூலைகளிலும் அதே எழுத்துக்களை இடம் மாற்றிப் போட்டார்கள். மேல் பாதியும் கீழ் பாதியும் பொருந்தாவிட்டால் குட்டு வெளிப்படும். ஒரு பென்னிக்காக யார் இவ்வளவு கஷ்டப்படுவார்கள் என்று நமக்குத் தோன்றலாம். ஒரு பென்னி அன்று பெரிய காசு.

1864ல் ஒரு பென்னி சிவப்பிலும் நான்கு மூலை எழுத்து வந்தபோது தகட்டின் எண்ணையும் இரண்டு ஓரத்து வலைக்கோலத்தில் மிகச் சிறியதாகச் செதுக்கினார்கள். 71 முதல் 225 வரை. இடையில் சில எண்கள் கிடையாது, ஏனென்றால் அந்தத் தகடுகள் சரியில்லை என்று ஒதுக்கப்பட்டன. அவற்றில் ஒன்று 77 (முன்னால் சொன்ன 77 வேறு, இது வேறு). தாள்களை ஈரமாக வைத்துத்தான் அச்சிடுவார்கள். காயும்போது காகிதம் சுருங்கும். அதற்குப் பிறகு ஓரத் துளை போடும் இயந்திரம் வரிசைக்குச் சரியாக உட்கார வேண்டும். 77ம் தகட்டில் துளையும் படமும் ஒத்துவரவில்லை என்று நிராகரித்தார்கள். ஆனால் எப்படியோ சில தாள்கள் வெளியே போய்விட்டன. இன்று உலகத்தில் தெரிந்தவை விரல் விட்டு எண்ணும் அளவுதான். அவற்றில் ஒன்று லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கும் டாப்லிங் சேகரிப்பில் இருக்கிறது. பக்கத்துத் தகடுகளின் சிவப்பைச் சில பவுண்டுக்கு வாங்கலாம், 77க்கு லட்சக்கணக்கான பவுண்டு. அதே அரசி, அதே சிவப்பு, ஓரத்தில் ஒரு எண் மட்டும் வேறு. விடுவார்களா? 177ம் தகட்டுத் தபால்தலையில் முதல் "1"ஐச் சுரண்டி 77 ஆக்குவது மிகப் பழைய தந்திரம்.

இந்த ஏற்பாடெல்லாம் உண்மையில் ஒரு கள்ளனையாவது பிடித்ததா? இந்தக் கேள்விக்கு ஒரு அற்புதமான பதில் இருக்கிறது.

1870ல் பிரிட்டிஷ் அரசு தந்தி கம்பெனிகளைத் தபால் இலாகாவோடு சேர்த்துக்கொண்டது. 20 வார்த்தைத் தந்திக்கு ஒரு ஷில்லிங். தந்தி கொடுப்பவர் காசைக் கொடுப்பார். குமாஸ்தா ஒரு ஷில்லிங் பச்சைத் தபால்தலையைத் தந்திப் படிவத்தில் ஒட்டி முத்திரை குத்துவார். படிவம் உள்ளேயே போய்விடும். லண்டனில் பங்குச் சந்தைக் கட்டடத்துக்கான தபால் ஆபீஸில் நாள் முழுக்கத் தந்தி பறக்கும். வாங்கு, வில், வாங்கு, வில். தந்தி கொடுக்கிற தரகருக்குத் தபால்தலையைப் பார்க்க நேரமும் இல்லை, ஆசையும் இல்லை.

இங்கேதான் ஒரு கெட்டிக்காரர் புகுந்தார். ஒரு ஷில்லிங் பச்சையை அப்படியே போலியாக அச்சடித்து, உண்மையான தபால்தலைக்குப் பதில் அதைப் படிவங்களில் ஒட்டினார்கள். தரகர் கொடுத்த ஷில்லிங் சட்டைப் பைக்குப் போனது. இது நடந்தது 1872, 1873 வாக்கில். ஆபீஸுக்குள் இருந்தவர் உதவி இல்லாமல் இது நடக்கவே முடியாது. தபால் இலாகாவுக்குத் தெரியவே தெரியாது. கணக்கு முடிந்தது, படிவங்கள் கட்டுக் கட்டாக மூலையில் போனது, வருடங்கள் ஓடின. அழித்திருக்க வேண்டிய பழைய படிவங்கள் ஒருநாள் வெளியே வந்து, அதில் இருந்த தபால்தலைகள் சந்தைக்கு வந்தன.

1898ல், அதாவது சுமார் 26 வருடம் கழித்து, மேலே சொன்ன அதே சார்லஸ் நிசன் (அவர் ஒரு தபால்தலை வியாபாரி) அந்தப் பச்சைத் தபால்தலைகளைக் கூர்ந்து பார்த்தார். உண்மையான தாளில் ரோஜாக் கிளை நீர்க்குறி இருக்க வேண்டும். இதில் எதுவுமே இல்லை. அதைவிடப் பெரிய வேடிக்கை மூலை எழுத்துக்கள். சிலவற்றில் இருந்த எழுத்து ஜோடி 240 தபால்தலைத் தாளில் எந்த இடத்திலுமே வர முடியாத ஜோடி! போலி அடித்தவர் ஒவ்வொன்றிலும் வேறு எழுத்து வர வேண்டும் என்று தெரிந்து வைத்திருந்தார். ஆனால் அந்த எழுத்துக்களுக்கு ஒரு கணக்கு உண்டு, ஒரு எல்லை உண்டு என்பது அவருக்குத் தெரியவில்லை.

அதாவது ரோலண்ட் ஹில் காலத்துப் பூட்டு வேலை செய்தது. ஆனால் சாவியை வைத்திருக்க வேண்டிய இலாகா அதைப் பார்க்கவே இல்லை. கால் நூற்றாண்டு கழித்து "ஈ எச்சம் பொறுக்குகிற" ஒருவர்தான் பார்த்தார். குற்றவாளி யார் என்று கடைசிவரை நிரூபிக்கப்படவில்லை. எவ்வளவு பணம் போனது என்பதும் யூகம்தான். இன்று அந்தப் போலிக்கு அசலைவிட விலை அதிகம் என்பது தனிக் கதை.

அடுத்த அரை நூற்றாண்டைச் சட்டென்று தாண்டிவிடலாம். மூன்று விஷயம் மட்டும். 1904ல் தபால்தலையைச் சிறு புத்தகமாகக் கட்டி விற்க ஆரம்பித்தார்கள். தைத்து வெட்ட வசதியாகத் தாளில் பாதியைத் தலைகீழாக அச்சிட்டதால் அந்தப் பாதிக்கெல்லாம் நீர்க்குறிக் கிரீடம் கவிழ்ந்துவிட்டது. ஆக, தலைகீழ் கிரீடம் என்றால் எல்லாமே பிழை அல்ல. அது ஏதோ ஒருவரின் சட்டைப் பையில் இருந்த சிறு புத்தகத்தின் அடையாளமாகவும் இருக்கலாம். இரண்டாவது, ஐந்தாம் ஜார்ஜின் "கடல்குதிரை" எனப்படும் பெரிய மதிப்புத் தபால்தலைகள். 1913ல் வாட்டர்லோ, 1915ல் டி லா ரூ, 1918ல் பிராட்பரி வில்கின்சன் என்று மூன்று கம்பெனிகள் ஒரே படத்தை அச்சிட்டன. எது யாருடையது? ஸ்கேலை வைத்துப் பாருங்கள்: 22 மில்லிமீட்டர் உயரம் என்றால் முதல் இரண்டில் ஒன்று, கிட்டத்தட்ட 23 என்றால் பிராட்பரி. மூன்றாவது, ஆறாம் ஜார்ஜின் தபால்தலைகள் 1941, 42ல் திடீரென்று வெளுத்துப் போயின. நிறத்தின் பெயர் அதேதான், ஆனால் சாயம் போன சட்டை மாதிரி. காரணம், யுத்தம். மை மிச்சம் பிடித்தார்கள். ஹிட்லரின் குண்டு லண்டனில் விழுந்ததை ஒரு தபால்தலை இதைவிட அமைதியாகச் சொல்ல முடியாது.

இரண்டாம் எலிசபெத் அரசி வந்தபிறகு கதை மாறுகிறது. இதுவரை தபால்தலையைப் பார்க்க வேண்டியது மனிதக் கண். இனிமேல் இயந்திரம்.

தபால் ஆபீஸில் ஒரு சாக்குக் கடிதத்தைக் கொட்டினால் என்ன ஆகும்? ஒன்று நேராக, ஒன்று தலைகீழாக, ஒன்று குப்புற. எல்லாவற்றையும் தபால்தலை ஒரே மூலையில் வருவதுபோல் திருப்பி அடுக்கினால்தான் முத்திரை குத்த முடியும். காலங்காலமாகக் கையால் செய்த வேலை. இதைச் செய்ய ஒரு இயந்திரம் செய்தார்கள். ஆனால் இயந்திரத்துக்குத் தபால்தலை எங்கே இருக்கிறது என்று எப்படித் தெரியும்? ஒரு யோசனை: தபால்தலையின் பின்பக்கம், பசைக்கு அடியில், மின்சாரம் கடத்தும் கிராஃபைட்டால் கறுப்புக் கோடு போட்டுவிடலாம். சாதாரணக் கடிதத்துக்கான தபால்தலை என்றால் இரண்டு கோடு. அச்சுக் காகிதங்கள் அனுப்பும் மலிவுக் கட்டணமான 2 பென்ஸ் என்றால் ஒரு கோடு. இயந்திரம் தொட்டுப் பார்த்தே பிரித்துவிடும்.

1957 நவம்பர் 19 அன்று சவுத்தாம்ப்டன் வட்டாரத்தில் இந்தத் தபால்தலைகள் விற்பனைக்கு வந்தன. முன்பக்கம் எப்போதும் போல டோரதி வைல்டிங் எடுத்த போட்டோவில் இளம் அரசி. பின்னால் கறுப்புக் கோடு. வாங்கிய பொதுமக்கள் என்ன நினைத்திருப்பார்களோ! ஒட்டிவிட்டால் கோடு தெரியாது, அதனால் கவலைப்பட்டிருக்க மாட்டார்கள். கோடு இடம் மாறி விழுந்தவை, கூடுதல் கோடு விழுந்தவை எல்லாம் இன்று பட்டியலில் தனித்தனியாக நிற்கின்றன.

கிராஃபைட் நீடிக்கவில்லை. 1959 நவம்பர் 18 அன்று அதே சவுத்தாம்ப்டனில் அடுத்த சோதனை: முன்பக்கம் பாஸ்பர் பட்டை. புற ஊதா ஒளியைக் காட்டி நிறுத்தினால், ஒளி நின்ற பிறகும் ஒரு கணம் அந்தப் பட்டை மின்னும். அந்த மின்னலைத்தான் இயந்திரம் பார்க்கிறது. நமக்குத் தெரியவேண்டும் என்றால் தபால்தலையை விளக்கு வெளிச்சத்தில் சாய்த்துப் பிடிக்க வேண்டும்; மை பளபளக்கும், பட்டை இருக்கும் இடம் மட்டும் மங்கலாகத் தெரியும். முதலில் பச்சையாக மின்னும் பாஸ்பர், 1961ல் நீலம், 1965ல் ஊதா. ஒரே தபால்தலை, மூன்று ஒளி. பகலில் மூன்றும் ஒன்றுதான்!

ஒரு அச்சுத் தாளில் பாஸ்பர் விழ மறந்தால்? மனிதனுக்கு அது முழுமையான தபால்தலை. இயந்திரத்துக்கு அது வெறும் காகிதம். அந்தக் கடிதம் திரும்பக் கைக்கு வந்து, கையால் பார்த்துத்தான் போக வேண்டும். பாஸ்பர் விட்டுப்போன தபால்தலையைச் சேகரிப்பவர்கள் தேடுவது வெறும் பிழையை அல்ல, இயந்திரம் தோற்ற இடத்தை.

1967 ஜூன் 5 அன்று வந்தது இந்தக் கூட்டத்தின் மகாபாரதம்: "மேச்சின்" தபால்தலை. ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட் ஊர்க்காரரான ஆர்னால்ட் மேச்சின் என்ற சிற்பி பிளாஸ்டரில் அரசியின் தலையைச் செய்தார். அதைப் போட்டோ எடுத்து ஹாரிசன் அச்சகம் அச்சிட்டது. பக்கவாட்டு முகம், சுற்றிலும் வேறு எதுவும் இல்லை, மூலையில் விலை. பென்னி பிளாக்கின் பேத்தி என்றே சொல்லலாம். 2022ல் அரசி காலமாகும் வரை, 55 வருடம், இந்தத் தலை மாறவே இல்லை. அச்சானவை 20,000 கோடிக்கும் மேல். உலகத்தில் இத்தனை முறை பிரதி எடுக்கப்பட்ட கலைப்படைப்பு வேறு இருக்குமா என்பது சந்தேகம்.

தலை மாறவில்லை, மற்றதெல்லாம் மாறியது. 1968 செப்டம்பர் 16 அன்று தபால் இரண்டு வகுப்பானது: வேகமாகப் போக 5 பென்ஸ், மெதுவாகப் போக 4 பென்ஸ். இயந்திரம் பிரிக்க வேண்டுமே! 5க்கு இரண்டு பட்டை, 4க்கு நடுவில் ஒரு பட்டை. இயந்திரம் பிரித்தது. ஆனால் மனிதர்கள் தடுமாறினார்கள். 4 பென்ஸ் கருங்காவி, 5 பென்ஸ் கருநீலம். மின்விளக்கு வெளிச்சத்தில் இரண்டும் ஒன்றுபோலத்தான். 1969 ஜனவரியில் 4 பென்ஸைப் பளிச்சென்ற சிவப்புக்கு மாற்றினார்கள். ஆக ஒரே மேச்சின் 4 பென்ஸில் காவி இரண்டு பட்டை, காவி ஒரு பட்டை, சிவப்பு ஒரு பட்டை என்று ஒரு சின்ன நிர்வாக வரலாறே இருக்கிறது.

பசைக்கும் ஒரு கதை உண்டு. பழைய கருவேலம்பிசினுக்குப் பதில் 1968ல் செயற்கைப் பசை வந்தது. அது நிறமே இல்லாமல் இருந்ததால் பசை பூசியதா இல்லையா என்று அச்சகத்தில் வேலை செய்பவர்களுக்கே தெரியவில்லை! அதனால் துளி மஞ்சள் கலந்தார்கள். பின்னால் டெக்ஸ்ட்ரின் சேர்த்த வகை வந்தபோது நீலப்பச்சைச் சாயம் கலந்தார்கள். இன்று அந்த மஞ்சளும் நீலப்பச்சையும் தனித்தனி இனங்கள். 1971 பிப்ரவரி 15 அன்று பணமே தசமத்துக்கு மாறியது; 240 பென்ஸ் பவுண்டு போய் 100 பென்ஸ் பவுண்டு. புதுத் தபால்தலைகள் வெளியான அன்று தபால் ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள் (ஜனவரி 20 முதல் மார்ச் 8 வரை). அதனால் பல முதல்நாள் உறைகளில் வேலைநிறுத்தத்தால் தாமதம் என்ற முத்திரையும் சேர்ந்தே இருக்கும். சம்பள உயர்வு கேட்டுப் பனியில் நின்றவர்களின் ஒரே சுவடு சில ஆல்பங்களில் இதுவாகத்தான் இருக்கும்.

எல்லா வித்தியாசமும் இப்படிப் பேசுமா? பேசாது. அதையும் சொல்லியாக வேண்டும். ஒரு தாளில் தற்செயலாக விழுந்த மைப்புள்ளிக்குப் பெரிய பெயர் வைத்து விற்கும் வியாபாரமும் இந்த உலகத்தில் ஏராளம். திரும்பத் திரும்ப எல்லாத் தாளிலும் அதே இடத்தில் வரும் குறை என்றால் அது தகட்டில் அல்லது உருளையில் இருக்கும் குறை. அதற்கு அர்த்தம் உண்டு. ஒருமுறை மட்டும் வந்த கறை வெறும் கறை. பாஸ்பரை ரசாயனத்தால் கழுவி "விட்டுப்போனது" என்று விற்பதும், வெயிலில் காயவைத்து "அரிய நிறம்" ஆக்குவதும் நடக்கிறது. டக்ளஸ் மயல் என்பவர் மேச்சின்களுக்காகவே தொகுத்த "டீகாம்" கையேடு போன்றவை தடிமனாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்: எது அச்சகத்தில் நடந்தது, எது சமையலறையில் நடந்தது என்று யாராவது பிரித்துச் சொல்ல வேண்டுமே.

இதற்கிடையில் தபால் இலாகாவுக்குப் பழைய பயம் திரும்ப வந்துவிட்டது. கலர் பிரிண்டிங் மலிந்துவிட்ட காலம். 1993ல் பக்கவாட்டுப் பற்களுக்கு நடுவே முட்டை வடிவத்தில் ஒரு பெரிய துளை வைத்தார்கள், போலி அடிப்பவருக்குச் சிரமமாக இருக்கட்டும் என்று. 2009 பிப்ரவரியில் இன்னும் பலமாக: உரித்தால் கிழியும்படி வெட்டுக்கள், சாய்த்தால் தெரியும் மினுமினுப்பில் "ராயல் மெயில்" என்ற சொற்கள். அந்தச் சொற்களில் ஒரு எழுத்தை மட்டும் மாற்றி, இது ஆறு கொண்ட புத்தகத்தில் இருந்து வந்தது, இது பன்னிரண்டு கொண்டதில் இருந்து வந்தது என்று ரகசியக் குறி வைத்தார்கள். அடுத்த வருடம் முதல் அச்சான ஆண்டும் சேர்ந்தது. சேகரிப்பாளர்களுக்குக் கொண்டாட்டம், 1840ன் மூலை எழுத்துக்கள் திரும்பி வந்த மாதிரி. ஆனால் இந்தத் தபால்தலைகளின் பசை தண்ணீரில் ஊறாது. உறையிலிருந்து ஊறவைத்துப் பிரித்தெடுக்கும் பரம்பரை வித்தை அதோடு போனது. வெட்டி எடுத்து உறைக் காகிதத்தோடு வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

2022 பிப்ரவரி 1 முதல் ஒவ்வொரு மேச்சினுக்கும் பக்கத்தில் ஒரு பார்கோடு வந்தது. ஒவ்வொரு தபால்தலைக்கும் தனித்தனிக் குறி. 1840ல் ஒரு தாளுக்குள் எந்த இரண்டும் ஒன்றல்ல. இப்போது அச்சானதில் எந்த இரண்டும் ஒன்றல்ல. பார்கோடு இல்லாத சாதாரணத் தபால்தலைகள் 2023 ஜூலை 31க்குப் பிறகு செல்லாது என்று அறிவித்தார்கள். பாட்டிமார்களின் மேஜை டிராயரில் கிடந்த மேச்சின்களைக் கட்டுக் கட்டாக அனுப்பிப் புதிதாக மாற்றிக்கொள்ள வேண்டியதாயிற்று. படம் போட்ட சிறப்புத் தபால்தலைகளுக்கு மட்டும் விலக்கு. 2023 ஏப்ரல் 4 அன்று மூன்றாம் சார்லஸின் தலை வந்தது. மார்ட்டின் ஜென்னிங்ஸ் என்ற சிற்பி செய்தது.

போலி நின்றதா? 2024ல் பிரிட்டனில் பலர் ஒரு புது வகைப் புகாரோடு வந்தார்கள். தபால் ஆபீஸிலேயே வாங்கி ஒட்டிய தபால்தலையைப் போலி என்று சொல்லி, கடிதம் பெறுகிறவரிடம் 5 பவுண்டு கேட்கிறார்கள் என்று. கொஞ்ச நாளில் அந்த அபராதத்தை நிறுத்தி வைத்தார்கள். 1872ல் போலியை இலாகா அசல் என்று நினைத்தது. இப்போது அசலையே போலி என்று சொல்கிறதோ என்று மக்கள் கேட்டார்கள். ஒரு தனிக் குறி உண்மையா பொய்யா என்று சரிபார்க்கும் பட்டியல் இந்தமுறை ஒரு கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது. தாளில் வரவே முடியாத எழுத்து ஜோடியைச் சார்லஸ் நிசன் பூதக்கண்ணாடியில் கண்டுபிடித்தார். அந்தச் சிறு கறுப்புக் கட்டங்களைப் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்க யாராலும் முடியாது. ஆனாலும் சார்லஸ் தலையின் முதல் அச்சுக்கும் இரண்டாம் அச்சுக்கும் என்ன வித்தியாசம் என்று புற ஊதா விளக்கை எரியவிட்டு ஏற்கெனவே தேட ஆரம்பித்துவிட்டார்கள்.